நேர்நோக்கியும் சாய்நோக்கியும்

வேட்டைக்காரனின் கருவியொன்றைப் பற்றிய கட்டுரை தமிழ்ச் சங்க மலரில் இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். பொழுதுபோக்கு வேட்டை நம் நாட்டில் வழக்கொழிந்து, எஞ்சிய வேட்டையும் சட்டத்தின் கண்ணுக்கு மறைவாக நடைபெறும் ஒன்றாகிவிட்டது. ஆயினும் வேட்டைக்கென ஆக்கப்பட்ட கருவிகள் யாவும் வேட்டையோடு மறைந்துவிடவில்லை. துப்பாக்கி கைவிட்டுப் போன இடத்திலும் தொலைநோக்கி எஞ்சி நின்றது. கொல்வதற்காகத் தேடிய கண், காண்பதற்காகவே தேடக் கற்றுக்கொண்டது. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியில், சிங்கராஜ வனத்திற்கு வழிகாட்டி நிற்கும் சிறு நகரான கலவானையில் இம்மாற்றத்தை எவரும் காணலாம். வெத்தாகலையைக் கடந்து குடாவை வாயிலை நோக்கிச் செல்லும் பாதையில், முக்காலியைத் தோளிற் சாத்திக்கொண்டு நடப்போரைக் காண்பது அங்கு அரிதன்று. அவர்களுள் சிலர் தாங்கிச் செல்லும் தொலைநோக்கி கோல்போல் நேராயிருக்கும். வேறு சிலருடையது கழுத்து மடிந்த கொக்கைப்போல் பின்பகுதியில் வளைந்திருக்கும். இவ்விரண்டினுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்ற வினாவே இக்கட்டுரையின் பொருளாகும். வினா சிறியது. ஆனால், பல மாத உழைப்பைக் கொடுத்து ஒரேயொரு கருவியை வாங்கவேண்டிய நிலையிலுள்ளவனுக்கு அது சிறியதன்று.

முதலில் கருவியின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். கழுத்தில் தொங்கவிடும் இருகண் நோக்கி, பொருளை 8 அல்லது 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும். அதற்கு அப்பாலும் காண விரும்புவோர் நாடுவது ஒற்றைக்கண்ணால் நோக்கும் நிலத் தொலைநோக்கியாகும். அதன் உருப்பெருக்கம் பெரும்பாலும் 20 முதல் 60 மடங்கு வரையில் அமைகின்றது. உருவம் 30 மடங்கு பெருகுமிடத்துக் கையின் நடுக்கமும் 30 மடங்கு பெருகுமாதலால், அதனைக் கையில் ஏந்திப் பார்த்தல் இயலாது. முக்காலி இன்றியமையாததாகிறது. இத்தகைய தொலைநோக்கிகளுள், பார்வைத்துண்டு குழலுக்கு நேர்கோட்டில் அமைந்ததை நேர்நோக்கி என்றும், குழலுக்கு 45 பாகை சாய்வாக மேல்நோக்கி அமைந்ததைச் சாய்நோக்கி என்றும் இங்கு வழங்குவோம். தலைகீழாக விழும் உருவை நிமிர்த்துவதற்கு இரண்டினுள்ளும் அரியங்கள் உண்டு. சாய்நோக்கியில் அவ்வரியம் ஒளியை 45 பாகை திருப்பியும் விடுகின்றது. ஆதலால், ஒரே தரத்தில் ஆக்கப்பட்ட இரண்டினுக்குமிடையே உருவின் தெளிவிற் கருதத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. வேறுபாடு முழுவதும் பார்ப்பவனின் உடலைப் பற்றியதேயாகும். அவன் எங்கே நிற்கிறான், எந்தத் திசையில் நோக்குகிறான், அவனுக்குப் பின்னால் யார் காத்து நிற்கிறார் என்பனவே தேர்வை நிர்ணயிக்கின்றன.

வேட்டையை இன்றும் சட்டபூர்வமாகப் பயிலும் நாடுகளில் இவ்விவாதம் ஓயாது நடைபெறுகின்றது. வட அமெரிக்காவின் மேற்குப் புறத்தே, பரந்த சமவெளிகளில் வாகனத்தின் யன்னல் விளிம்பிற் கருவியைப் பொருத்தி மானைத் தேடுவோர் நேர்நோக்கியையே விரும்புவர். கண் எத்திசையை நாடுகிறதோ அத்திசையிலேயே குழலும் நிற்குமாதலின், இலக்கைப் பிடிப்பதில் தாமதமில்லை. செங்குத்தான மலைகளில் மலையாட்டைத் தேடி மணிக்கணக்கில் அமர்ந்திருப்போரோ சாய்நோக்கியைப் பாராட்டுவர். அண்ணாந்து நோக்குவதால் விளையும் கழுத்து வலியை அது தவிர்க்கின்றது என்பது அவர்தம் வாதம். இவற்றுக்கெல்லாம் முன்னர், ஸ்கொத்லாந்தின் மலைச்சாரல்களில் மானைப் பின்தொடர்ந்த வேட்டைப் பணியாளர்கள், ஒன்றினுள் ஒன்றாக மடங்கும் நீண்ட நேர்க்குழல்களைப் பயன்படுத்தினர். அப்பணியாளர்களைக் கொண்டே 1900 ஆம் ஆண்டில் லோவட் பிரபு தென்னாபிரிக்கப் போருக்கென ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். மானைத் தேடிய கண்களும் குழல்களும் மனிதரைத் தேடப் புறப்பட்டன. நேர்க்குழல் துப்பாக்கிக் குழலின் உடன்பிறப்பாய் வளர்ந்த கதை இது. ஒருவன், ஒரு கண், ஒரு கோடு, ஓர் இலக்கு என்பதே அதன் இலக்கணமாயிருந்தது.

இலங்கையின் வேட்டை வரலாறும் இதற்கு அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ், 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரைகளை வேட்டைநாய்களைக் கொண்டு துரத்தியமை பலரறிந்த செய்தி. கோப்பியும் பின்னர் தேயிலையும் இறப்பரும் காட்டை விழுங்க, துரைமாரின் துப்பாக்கிகள் காட்டில் எஞ்சியவற்றை விழுங்கின. தாம் வேட்டையாடுவதற்கு இனி எதுவும் மிஞ்சாது என்ற அச்சம் வேட்டைக்காரர்க்கே பிறந்தபோது, 1894 இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கமே காலப்போக்கில் வனவிலங்குகளையும் இயற்கையையும் பேணும் சங்கமாகப் பெயரும் நோக்கமும் மாறியது. 1937 இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. முன்னர் வேட்டைக்காரர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த யால, 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. பாதுகாப்பின் வரலாறு வேட்டையின் வயிற்றிலிருந்து பிறந்தது என்ற உண்மை, கேட்பதற்கு முரணாகத் தோன்றினும் மறுக்கவியலாதது.

கலவானையின் தென்புறத்து வனத்திற்கும் இம்முரண் பொருந்தும். 1875 இலேயே ஒதுக்கக் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட சிங்கராஜ, 1972 முதல் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கென இயந்திரங்களால் வெட்டப்படலாயிற்று. எதிர்ப்புக் குரல்கள் வலுப்பெற, 1977 இல் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் அது உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. அவ்வெதிர்ப்பை முன்னின்று நடத்தியவருள் ஒருவர், 1946 இல் சுவிற்சர்லாந்திலிருந்து இந்நாட்டிற்கு வந்து, மேற்கூறிய சங்கத்தின் தலைவராயும் விளங்கிய திலோ ஹொஃப்மன். 2001 சனவரியில், தீபால் வரக்காகொட என்ற பறவையியலாளர் சிங்கராஜவில் அதுகாறும் அறிவியல் அறியாத செந்நிறச் சிறு ஆந்தையொன்றைக் கண்டார். பல ஆண்டுகட்கு முன்னரே கித்துல்கலைப் பகுதியில் அதன் குரலை மட்டும் அவர் கேட்டிருந்தார். 2004 இல் அவ்வினம் முறைப்படி விவரிக்கப்பட்டபோது, அதன் விஞ்ஞானப் பெயரில் ஹொஃப்மனின் பெயர் சூட்டப்பட்டது. காட்டைக் காத்தவனின் பெயரைக் காட்டின் ஆந்தை சுமக்கின்றது. அந்த ஆந்தையே இன்று குடாவையில் தொலைநோக்கி ஏந்தி நடப்போரிற் பலர் காண விழையும் பறவையுமாகும்.

இனி அக்காட்டின் இயல்பைக் கொண்டு இருவகை நோக்கிகளையும் எடைபோடுவோம். சிங்கராஜ ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் ஈரவலயக் காடு. அதன் உயர்ந்த மரங்களின் விதானம் தரையிலிருந்து 30 முதல் 40 மீற்றர் வரை எழுந்து நிற்பது. பாதையில் நிற்பவனுக்குத் தொலைவு என்று ஒன்று அங்கு அரிதாகவே கிட்டும். கிட்டுவது உயரமே. 30 மீற்றர் அப்பால் நிற்கும் மரத்தின் 30 மீற்றர் உயரக் கொம்பரில் ஒரு செம்முகப் பூங்குயில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அதனை நோக்கக் குழலை ஏறத்தாழ 45 பாகை உயர்த்தவேண்டும். நேர்நோக்கியை உடையவன் இப்பொழுது கழுத்தைப் பின்னே முறித்து அண்ணாந்து நிற்கவேண்டும், அல்லது முழந்தாளிட்டுக் குழலின் கீழே புகவேண்டும். சாய்நோக்கியை உடையவனுக்கோ, குழல் 45 பாகை மேலே எழ, 45 பாகை சாய்ந்த பார்வைத்துண்டு சரியாகக் கிடைநிலைக்கு வந்துவிடுகின்றது. எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பது போல் அவன் இயல்பாக நிமிர்ந்து நின்று உச்சிக்கொம்பரைக் காண்கிறான். கேத்திர கணிதம் இங்குச் சாய்நோக்கியின் பக்கமே சாய்கின்றது.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும், ஏனெனில் கடைக்காரர் பெரும்பாலும் உருப்பெருக்கத்தின் பெயரையே சொல்லி விற்கின்றனர். பார்வைத்துண்டினின்று வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுக்க வருவது. 80 மில்லிமீற்றர் வில்லை 20 மடங்கிற் பயன்படும்போது 4 மில்லிமீற்றர் அகலக் கற்றை கிடைக்கும். அதே வில்லை 60 மடங்கிற் பயன்படும்போது 1.3 மில்லிமீற்றரே கிடைக்கும். மரநிழலின் மங்கலில் விரிந்து நிற்கும் கண்மணிக்கு இரண்டாவது கற்றை போதாது. உருவம் பெரிதாகும், ஆனால் இருண்டுவிடும். ஆகவே சிங்கராஜவுக்குச் செல்வோன் பெரிய எண்களிற் காசை இறைப்பதிலும், அகன்ற வில்லையிலும் குறைந்த உருப்பெருக்கத்திலும் செலவிடுதல் மேல். இது இருவகை நோக்கிகட்கும் பொதுவான விதி.

சாய்நோக்கியின் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. 20 மடங்கிற் பார்க்கும்போது 30 மீற்றர் தொலைவிற் கண்ணுக்கு அகப்படும் வட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றரே. அச்சிறு வட்டத்துள் பறவையைக் கொண்டுவருவதே பழகாதவனுக்குப் பெரும்பாடு. நேர்நோக்கியில், பறவையைக் கண்ணாற் கண்டவுடன் தலையைத் திருப்பாது குழலில் கண்ணை வைத்தால் ஓரளவு அகப்பட்டுவிடும். சாய்நோக்கியிலோ கண் தன் நிலத்தை நோக்க, குழல் வேறெங்கோ நோக்குகிறது. புதியவன் இலையையும் வானத்தையும் மாறிமாறிக் கண்டு சலிப்பான். சிங்கராஜவின் பெருஞ்சிறப்பான கலப்பினப் பறவைக் கூட்டங்களின் முன் இக்குறை பின்னும் பெரிதாகின்றது. 1981 முதல் சரத் கொட்டகமவும் அவரோடிணைந்தோரும் ஆராய்ந்த அக்கூட்டங்களில் சராசரியாகப் பதினொரு பன்னிரண்டு இனங்களைச் சேர்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட பறவைகள் ஒன்றாக இரைதேடிச் செல்லும். சிலம்பன்கள் கலகலத்து முன்செல்ல, கரிச்சான் காவல் காக்க, சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் கடந்துவிடும். அவ்வேளையில் எந்தத் தொலைநோக்கியும் பயன்படாது. கழுத்திலுள்ள இருகண் நோக்கியே துணை. அன்றியும், மேல்நோக்கி நிற்கும் பார்வைத்துண்டின் மீது மழைத்துளியும் சருகும் வந்து விழும். நேர்நோக்கியின் பார்வைத்துண்டு அவ்வாறு வானத்துக்கு வாய்திறந்து நிற்பதில்லை.

நேர்நோக்கிக்கு உரிய இடம் காட்டினுள் அன்று, தோட்டத்தின் மேட்டில் உள்ளது. கலவானையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் மலைகளின் உச்சியில் நின்று கீழே பள்ளத்தாக்கையும் எதிர்ச்சரிவின் காட்டோரத்தையும் நோக்குவோனுக்குக் கண் கிடையாகவோ கீழ்நோக்கியோதான் செல்லும். அங்கே சாய்நோக்கியை உடையவன் கிணற்றினுள் எட்டிப் பார்ப்பவன் போற் குனிய நேரும். நேர்நோக்கியே அங்கு இயல்பானது. முச்சக்கர வண்டியிலோ வானிலோ அமர்ந்தபடி பார்ப்பதற்கும் அதுவே ஏற்றது. பழைய வேட்டைக்காரத் துரை பங்களாவின் விறாந்தையிலிருந்து நேர்க்குழலை நீட்டியதற்கு இவ்வாறு நியாயமான காரணம் உண்டு. மேலிருந்து கீழே பார்ப்பவனுக்கு ஏற்ற கருவி அது.

கலவானைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, பறவைகளைக் காட்டும் தொழிலிற் புக விரும்பிய இளைஞன் ஒருவன் இத்தேர்வின் முன் நின்றபோது, இச்செய்திகளையெல்லாம் ஏட்டிற் குறித்து வைத்திருந்தான். 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நல்ல தொலைநோக்கியொன்றின் விலையோ பல மாதச் சம்பளத்தை விழுங்கவல்லது. தவறாக வாங்கிவிட்டால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு வரப்போவதில்லை. ஆகவே அவன் பழக்கமான இருவரிடமிருந்து ஒரு நேர்நோக்கியையும் ஒரு சாய்நோக்கியையும் ஒரு நாளைக்கு இரவலாகப் பெற்றுவந்து, லயத்து வாசலில் இரண்டையும் முக்காலிகளில் நிறுத்தினான். தோட்டத்தின் எல்லைக்கு அப்பால், காட்டு மரமொன்றின் உச்சியில் செவ்வலகும் செங்கால்களும் கொண்ட நீலநிறப் பறவையொன்று, சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படுவது, காய்களைக் கொத்திக்கொண்டிருந்தது.

அவனது பாட்டனார் எண்பதைக் கடந்தவர். இளமையில் இறப்பர்ப் பால் வாளி சுமந்தவர். தோட்டம் அரசுடைமையாகுமுன், காட்டுப்பன்றிக்கும் மரைக்குமாகப் போன பெரிய துரையின் பின்னே சாமான் சுமந்து சென்றவருமாவார். இரண்டு குழல்களையும் கண்டதும் அவர் நேர்நோக்கியைத்தான் தடவிப் பார்த்தார்.

"இது மாதிரி ஒண்ண நான் எத்தன வருசம் தூக்கியிருக்கேன் தெரியுமா அய்யா? பித்தளையில இருக்கும். தோல் உறையில போட்டு நாந்தான் தூக்கிக்கிட்டுப் போவேன்."

"அதுல என்னா தாத்தா பார்த்தீங்க?"

"பார்க்கிறதா? தொரை கேட்டா எடுத்துக் குடுக்கணும், பார்த்து முடிச்சாருன்னா தொடச்சி உறையில போடணும். நம்ம வேல அவ்வளவுதான்."

அவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். ஆனால் இளைஞன் சில கணங்கள் எதுவும் பேசாது நின்றான். பின்பு அவரை நேர்நோக்கியின் முன் நிறுத்தினான். குழல் மரவுச்சியை நோக்கி உயர்ந்திருந்தது. வாளி சுமந்து கூனிய முதுகு நிமிர மறுத்தது. முக்காலியைத் தாழ்த்தியும் கழுத்து மேலெழவில்லை. "வேணாம் அய்யா, கண்ணு இருட்டுது" என்று அவர் விலகிக்கொண்டார். அதன்பின் சாய்நோக்கியை அவர் நெஞ்சளவுக்கு இறக்கி, பறவையை வட்டத்துள் கொணர்ந்து நிறுத்திவிட்டு அழைத்தான். முதியவர் எந்த முயற்சியுமின்றி, தம் கூன் இருந்தவாறே, கண்ணைப் பார்வைத்துண்டிற் பொருத்தினார். குனிந்தவரைக் குனிந்தபடியே ஏற்றுக்கொள்ளும் கருவியாக அது அமைந்துவிட்டது. நெடுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை. "கண்ணச் சுத்திச் செவப்பு வளையம் போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார். பின்னர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐவர் வரிசையில் வந்து நின்றனர். அவர்களுள் சிறியவளுக்காகப் பார்வைத்துண்டைக் குழலைச் சுற்றிப் பக்கவாட்டிற் சற்றுத் திருப்பியதே போதுமாயிருந்தது. பறவை மரத்திலிருந்து எழுந்து போகுமுன் ஐவரும் அதனைக் கண்டுவிட்டனர்.

இந்நிகழ்ச்சி எந்தச் சிறப்பும் அற்றது. ஆயினும் இருவகை நோக்கிகளின் அடிப்படை வேறுபாடு இதில் வெளிப்படுகின்றது. நேர்நோக்கியின் முக்காலியைப் பார்ப்பவனின் கண்ணளவுக்கு உயர்த்தியாகவேண்டும். நெடியவனுக்கு உயர்த்திய கருவி குறியவனுக்கு எட்டாது. குறியவனுக்குத் தாழ்த்தியது நெடியவனை முழந்தாளிட வைக்கும். ஆளுக்கு ஆள் முக்காலியை ஏற்றியிறக்க, பறவை வட்டத்தை விட்டு நழுவும். சாய்நோக்கியையோ வரிசையிற் குறியவரின் உயரத்துக்கு ஒருமுறை அமைத்துவிட்டால், நெடியவர் சற்றுக் குனிய, அனைவரும் அசையாத ஒரே காட்சியைக் காணலாம். தாழ்ந்த முக்காலி காற்றுக்கு அசைவதும் குறைவு. உறங்கும் ஆந்தையைப் பத்துப்பேருக்கு ஒவ்வொருவராகக் காட்டும் வழிகாட்டிக்கு இதனினும் பெரிய நன்மை வேறில்லை. பொருளைப் பிடிப்பதிலுள்ள தொல்லை காட்டுபவனுடையது. காண்பவருக்கு அத்தொல்லை இல்லை. குழலின் மேற்புறத்தே இரு சிறு கட்டுகளை நேர்கோட்டில் இட்டுக் குறிபார்க்கப் பழகினால், சில வாரங்களில் அதுவும் கைவந்துவிடும்.

எனவே, தேர்வு எதைப் பொறுத்தது என்ற வினாவுக்கு விடை தெளிவு. தனியே செல்பவன், விரைந்து இலக்கைப் பிடிக்கவேண்டியவன், மேட்டிலிருந்தோ வாகனத்திலிருந்தோ நோக்குபவன் ஆகியோர்க்கு நேர்நோக்கி உரியது. வேட்டைக்காரன் பெரும்பாலும் இவ்வகையினன். அவன் காண்பதைப் பிறருக்குக் காட்டவேண்டிய கடமை அவனுக்கில்லை. பலரோடு செல்பவன், உயரத்தை நோக்குபவன், தான் கண்டதைப் பிறரும் காணவேண்டும் எனக் கருதுபவன் ஆகியோர்க்குச் சாய்நோக்கி உரியது. கலவானையின் காட்டுப்பாதை இரண்டாம் வகையினரின் பாதையாகும். மேற்கூறிய இளைஞனும் அவ்வாறே முடிவு செய்தான். புதியதை வாங்கும் வசதியின்றிப் பிறர் பயன்படுத்திய சாய்நோக்கியொன்றைத் தேடலானான்.

பலரும் காணவேண்டும் என்ற வாதம் வெறும் மனிதாபிமானத்தாலெழுந்த ஒன்றன்று. காட்டின் நலனும் அதிலே தங்கியிருக்கின்றது. காடு சூழ்ந்த மலையகத் தோட்டங்களில் இறைச்சிக்காகவும் பயிர்க்காவலுக்காகவும் பன்றிக்கு வைக்கப்படும் சுருக்குக் கம்பிகள் பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் மிக அரிதான கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. இத்தகைய செய்தி வெளிவரும்போதெல்லாம் தோட்டத்தவர் காட்டின் அருமையை அறியாதவர் என்ற பழி எளிதில் எழுகின்றது. அப்பழியைச் சுமத்துவோர் ஒன்றைச் சிந்திப்பதில்லை. காட்டை வெட்டித் தோட்டமாக்கியபோது கூலியாக அழைத்துவரப்பட்டு, வேட்டையின்போது சுமைதூக்கியாக நிறுத்தப்பட்டு, உல்லாசப் பயணத்தின்போது பாதையோரத்து வேடிக்கையாளராக விடப்பட்ட மக்களுக்கு, அக்காட்டை அணுகி நோக்கும் வாய்ப்பு எந்தத் தலைமுறையிற் கொடுக்கப்பட்டது? கருவியைச் சுமந்தவனின் கண்ணுக்கு அக்கருவி ஒருமுறையேனும் நீட்டப்பட்டதா? காணாத ஒன்றைக் காக்கும்படி கேட்பது நீதியாகாது. கண் கொண்டு கண்டவனிடத்துக் கேட்பதில் நியாயமுண்டு.

பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொப்பிகளும் பேனைகளும் கொண்டுசெல்கின்றன. அவை வேண்டாமென்பதன்று. ஆயின், சிங்கராஜவின் நிழல் விழும் தூரத்திலுள்ள பாடசாலையொன்றுக்கு ஒரு தொலைநோக்கியும் அதனைக் கையாளப் பயிற்றும் ஒரு நாளும் கொண்டுசெல்லப்படின், அது வீணாகாது. அவ்வாறு எண்ணுவோர் கருதற்பாலன சிலவுண்டு. 60 மடங்கு உருப்பெருக்கத்தை நாடாது 20 அல்லது 30 மடங்கு அகன்ற பார்வைத்துண்டைத் தெரிந்தெடுக்கவேண்டும். நீர்புகாது அடைக்கப்பட்டு உள்ளே நைதரசன் நிரப்பப்பட்டதையே வாங்கவேண்டும், இன்றேல் கலவானையின் ஈரத்தில் வில்லைமீது பூஞ்சணம் படர்ந்துவிடும். ஈரமுறிஞ்சும் மணிகளோடு மூடிய பெட்டியில் வைக்கப் பழக்கவேண்டும். முக்காலியிற் சிக்கனம் பார்த்தலாகாது. ஆடும் காலின்மேல் நல்ல வில்லையும் கெட்டதாகிவிடும். நேர்நோக்கியா சாய்நோக்கியா என்ற வினாவுக்குக் கடைக்காரர் கூறும் விடையை நம்புமுன், பாடசாலைக்குச் சென்று வரிசையில் நிற்கப்போகும் பிள்ளைகளின் உயரத்தை ஒருமுறை பார்த்துவருதல் நன்று.